இரண்டு தட்டலும் ஒரு நீலப் பென்சிலும்

என் பெயர் மாசிலாமணி. பூந்தண்டலம் இராசகோபால் மகன் மாசிலாமணி என்று முழுமையாகச் சொல்வதே முறை. அகவை எழுபத்து நான்கு நிறைந்து நான்கு திங்கள் ஆகின்றன. ஐந்தாம் வகுப்புக்கு மேல் எந்தப் பள்ளியும் என்னைப் படிப்பிக்கவில்லை. அரிசிக் கிடங்கில் எடையாளராக இருந்துகொண்டே கிளை நூலகத்தின் மூன்று அலமாரிகளை இடமிருந்து வலமாகப் படித்து முடித்தவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டில், செவ்வாய்க்கிழமைதோறும் மாலை ஏழரை மணிக்கு, பதின்மூன்று வாரம், ‘நெடுவான் ஓடம்’ என்னும் அறிவியல் தொலைக்காட்சித் தொடரில் விண்கலத் தலைவன் வானவரம்பனாக இந்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தவனும் நானே. இவ்வளவையும் முறைப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனெனில் இப்பொழுது, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, அயனாவரத்தில் முனிரத்தினத்தின் முடிதிருத்தகத்தில், தலை முழுவதும் கருஞ்சாயம் அப்பப்பட்டு, கழுத்தைச் சுற்றிப் பூப்போட்ட துணி கட்டப்பட்டு, நாற்பது நிமிடம் அசையாதிருக்கக் கட்டளையிடப்பட்டவனாக அமர்ந்திருக்கிறேன். எதிரே கண்ணாடியில் தெரிபவன் எந்த விண்கலத்துக்கும் தலைவனாகத் தோன்றவில்லை. “ஆடாதீங்க சார், காதுல எறங்கிடும்” என்று முனிரத்தினம் இருமுறை சொல்லிவிட்டான். ஆடவில்லை. ஆடுவது உள்ளே இருப்பது. பன்னிரண்டு மணிக்குள் நான் ஒரு விடை சொல்லியாக வேண்டும், அவ்விடை இன்னும் முடிவாகவில்லை. காலையில் புறப்படும்போது என் மனைவி சுலோசனா கேட்டாள், எதற்கு இந்த வயதில் மை, அவர் போட்டுக்கொள்கிறாரா என்று. அவர் என்றால் எவர் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முப்பத்தேழு ஆண்டுகளாக என் வீட்டில் ‘அவர்’ என்றால் ஒருவர்தான், அது நான் அல்லேன்.

அவர் தனுஷ்கோடி. அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் பணியில் இருந்தவர், என்னினும் நான்காண்டு மூத்தவர். தொடரில் அவருக்குக் கொடுக்கப்பட்டது நீர்க்காவலர் பொன்னன் என்னும் சிறு வேடம். வழி தவறிய விண்கலத்தில் பதின்மூன்று பேர். எஞ்சியிருக்கும் தண்ணீரை நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு குவளை அளந்து கொடுப்பவர் பொன்னன். அவ்வளவே. தலைப்பில் என் பெயர் முதலாவதாகவும் தனியாகவும் வரும். அவர் பெயர் ஏனையோருடன் ஒன்பதாவதாக, ஒப்பனையாளர் பெயருக்கு மிக அருகில் வரும். இன்று மாலை நான்கு மணிக்கு நூலக அரங்கில் தொடரின் அன்பர்கள் விழா எடுக்கிறார்கள். அழைப்பிதழ் முனிரத்தினத்தின் மேசையில், சீப்புகளுக்கு அடியில், பாதி தெரியும்படி கிடக்கிறது. நான்தான் வைத்தேன். நடுவில் குவளை ஏந்திய பொன்னன். இடப்பக்கக் கீழ்மூலையில், அஞ்சல் தலை அளவில், தலைவன் வானவரம்பன். முன்னூறு பேர் வருவார்களாம், பெங்களூரிலிருந்துகூட வருகிறார்களாம், பொன்னனின் சாம்பல் நிறச் சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு வருகிறார்களாம். மழைக்கோட்டுத் துணியில் தைத்த என் தலைமைச் சீருடையை, அதற்குள் நான் வியர்த்த வியர்வையை, இடைவாரின் பித்தளைக் கொக்கியை எவனும் தைக்கவில்லை. எனக்குப் பொறாமை இல்லை என்று பல்லாண்டு சொல்லி வந்தேன். இப்பொழுது தலையில் சாயத்தோடு பொய் சொல்வது கடினமாக இருக்கிறது.

விழாவை நடத்துபவர் மீனலோசனி, கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவர், எட்டு வயதில் தொடரைப் பார்த்தவர். நேற்று மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்து, மூச்சு வாங்க ஒரு செய்தி சொன்னார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த எங்கள் இயக்குநர் வைத்தியலிங்கத்தின் வீட்டில் ஒரு கட்டு கிடைத்ததாம், பதின்மூன்று வாரக் கதைவசனப் படிகள். அதில் பொன்னனுக்கு முதலில் நிறைய வசனம் எழுதப்பட்டிருக்கிறதாம், ஏறக்குறைய எல்லாமே நீலப் பென்சிலால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் ‘கூறியது கூறல்’ என்று எழுதப்பட்டிருக்கிறதாம். “எவ்வளவு பெரிய முடிவு சார் அது. ஒரு ஆளப் பேச விடாமப் பண்ணி, அந்த ஆளையே எல்லாரும் பார்க்கிற மாதிரி ஆக்கியிருக்கார்” என்றார். அந்தப் பக்கத்தை இன்று திரையில் ஆளுயரத்துக்குக் காட்டி, இது இயக்குநரின் மேதைமை என்று அறிவிக்கப் போகிறார்கள். கையெழுத்து இயக்குநருடையதுதானே என்று உடனிருந்த நான் உறுதி சொல்ல வேண்டும். நண்பகலுக்குள் சொன்னால் படத்தின் அடியில் பெயர் போட்டுவிடுவார்கள். கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது, நாளை சொல்கிறேன் என்றேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. அவர் அனுப்பிய படத்தில் ‘கூறியது கூறல்’ என்பதன் கடைசி ல் என்னும் எழுத்து தன் வாலை மேலே சுழற்றிக்கொண்டு நின்றது. அந்த வாலை நான் அறிவேன். கிடங்கில் ஆயிரக்கணக்கான மூட்டைகளின் மேல் ‘நெல்’ என்றும் ‘சரிபார்த்தல்’ என்றும் எழுதிப் பழகிய வால் அது.

அடித்தவன் நான். நாற்பத்தொரு வசனம். இயக்குநர் என் தமிழின் மேல் மதிப்பு வைத்து, படப்பிடிப்புக்கு முதல்நாள் படிகளை என்னிடம் கொடுத்து, “உங்க கண்ணுல ஒரு தடவை படட்டும் சார், பிழை இருந்தா திருத்திடுங்க” என்பார். ஐந்தாம் வகுப்புக்காரனிடம் ஒரு பட்டதாரி கொடுத்த பேனா அது. பேனா என்னிடம் இல்லை, கிடங்கின் நீலப் பென்சில்தான் இருந்தது. முதல் வாரம் பிழைதான் திருத்தினேன், அது உண்மை. இரண்டாம் வாரப் படியில் பொன்னனுக்கு ஏழு வசனம் இருந்தது. ஏழு. தலைவனுக்கு இருபத்து மூன்று என்றாலும் அந்த ஏழும் நன்றாக இருந்தன, குட்டையாக, ஈரமாக இருந்தன. சொன்னதையே மீண்டும் சொல்வது குற்றம் என்று இலக்கணத்தில் படித்திருந்தேன். அக்குற்றத்தின் பெயரை ஓரத்தில் எழுதி ஐந்தை அடித்தேன். எழுதியபோது எழுத்து எவ்வளவு அழகாக விழுந்தது. இயக்குநர் பார்த்துவிட்டு, சரிதான், நம்ம நீளமும் குறையும் என்றார். நான்காம் வாரத்தில்தான் அது நடந்தது. “தலைவரே, தண்ணீர் ஆறு நாளுக்குத்தான் வரும்” என்பது பொன்னனின் வசனம். அதை அடித்து, செய்தியை என் வசனத்தோடு சேர்த்துக்கொண்டேன். படப்பிடிப்பில் பொன்னன் வந்து நிற்க வேண்டும், நான் பேச வேண்டும், அவ்வளவே. தனுஷ்கோடி வந்தார். தளத்து உணவகத்திலிருந்து கொண்டுவந்து வெள்ளிச்சாயம் அடித்த தகரப் பீப்பாய்தான் விண்கலத்தின் நீர்த்தொட்டி. அதன் பக்கத்தில் நின்று, விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார். டொக், டொக். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு நொடி என் வசனத்தை மறந்தேன். பிறகு, “ஆறு நாள்தானே? ஆறாம் நாள் நிலம் தெரியும்” என்று அரங்கம் அதிரச் சொன்னேன். மறு வாரம் வந்த கடிதங்கள் எல்லாம் அந்தத் தட்டலைப் பற்றி. அட்டைப்பெட்டிச் சுவருக்கு நடுவே, மினுக்கும் விளக்குகளுக்கு நடுவே, தெர்மாக்கோல் நிலவைப் பார்த்துக்கொண்டு நான் வீரம் பேசினேன். சென்னைப் பட்டணமோ குடத்தோடு லாரிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அவர்களுக்கு அந்தத் தட்டலில்தான் பொருள் விளங்கியது. வேற்றுலகக் கதையில் வேற்றாளாகத் தெரியாத ஒரே ஆள் பொன்னன். தலைவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறான், கேட்பவனுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. ஓரத்தில் நிற்பவன் சொல்லாமல் விட்டதை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். எவனும் தலைவனை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. நானே என் வீட்டில் அதைக் கண்டேன். அந்த வாரம் தொடர் முடிந்ததும் சுலோசனா எழுந்து போய், அடுக்களையில் அண்டாவை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, “பாவங்க அந்த மனுஷன், தனக்கு எடுத்துக்காம ஊத்துறாரு” என்றாள். நான் இன்னும் ஒப்பனை முழுதும் போகாத முகத்தோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு வெறி பிடித்தவன்போல் அடித்தேன். எட்டாம் வாரம் அவருக்கு ஒரு சொல்லும் இல்லை. ஒன்பதாம் வாரம் நான் மூன்று நிமிடம் பேசும் நீண்ட உரை, தாய்மண்ணை நினைத்து; என் வாழ்வின் சிறந்த மூன்று நிமிடம் என்று இன்றும் சொல்வேன். அதில் பின்னால் நிற்கும் பொன்னன் தன் பங்குத் தண்ணீரில் பாதியைக் கலத்திலிருக்கும் ஒரே செடிக்கு ஊற்றிவிட்டுக் குவளையைச் சட்டை முனையால் துடைக்கிறார். அவ்வளவுதான் செய்கிறார். அந்த மூன்று நிமிடத்தை இன்று கைப்பேசியில் இலட்சம் பேர் பார்க்கிறார்கள், என் குரலை அடக்கிவிட்டுப் பார்க்கிறார்கள், பின்னால் ஏதோ வீணை இசையைச் சேர்த்துக்கொண்டு. தொண்ணூற்றைந்தில் ஒரு தேநீர்க் கடையில் ஒருவன் என்னை உற்று உற்றுப் பார்த்தான், நெஞ்சு நிமிர்ந்தது, அவன் சொன்னான், “நீங்க அந்தத் தண்ணிக்காரர் கூட வருவீங்கல்ல?” கூட வருவேன். ஆம். இப்பொழுது சாயம் நெற்றியில் குறுகுறுக்கிறது, சொறியக் கூடாது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. என்ன சொல்வது மீனலோசனியிடம்? இயக்குநர் எழுத்து என்று சொல்லிவிட்டால் முடிந்தது; இறந்தவருக்குப் புகழ், உயிரோடிருப்பவனுக்கு அமைதி. ஆனால் திரையில் அந்த வாலைத் தனுஷ்கோடி பார்ப்பார். என் கையெழுத்தில் அவருக்குப் பொங்கல் வாழ்த்து முப்பது ஆண்டுகளாகப் போகிறது; எழுத்தைப் பிரித்தே பிழைத்த மனிதர் அவர். மேடையில் என் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு பார்ப்பார், பிறகு மெதுவாக என் பக்கம் திரும்புவார். நான்காம் வாரத்தில் திரும்பியதுபோல. அதைத் தாங்கமாட்டேன். சரி, உண்மையைச் சொல்வோம், அடித்தவன் நான் என்று. சொன்னால் என்ன ஆகும்? மேதைமை என்கிறார்களே, அம்மேதைமை என்னுடையதாகிவிடும். பொன்னனைப் பேசாதவனாக ஆக்கிய பெருந்தகை மாசிலாமணி. கைதட்டுவார்கள். இந்த எண்ணம் வந்ததும் உள்ளே ஓர் இனிப்பு ஊறியதே, அதை என்னவென்று சொல்வது? முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் அவர் வாயிலிருந்து எடுத்தேன்; இப்பொழுது ஒப்புக்கொள்கிறேன் என்ற பெயரில் கையிலிருந்தும் எடுப்பேன். ஒப்புக்கொண்டால் திருட்டு, ஒப்புக்கொள்ளாவிட்டால் பொய். பென்சில் இரு பக்கமும் சீவியிருக்கிறது.

“இன்னா சார், முணுமுணுன்ற?” என்றான் முனிரத்தினம். வசனம் என்றேன். அழைப்பிதழைச் சீப்புக்கடியிலிருந்து இழுத்துப் பார்த்தான், முகம் மலர்ந்தது, மலர்ந்த இடம் நடுப்பகுதி என்று எனக்குத் தெரியும். இவரு இன்னும் இருக்காரா சார் என்று கேட்டான். நானும் இருக்கிறேன், உன் நாற்காலியில்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. இருக்கிறார் என்றேன். சின்ன வயதில் தெருவில் விளையாடும்போது எல்லோரும் பொன்னனாகத்தான் நிற்பார்களாம், தலைவனாக ஆள் கிடைக்காமல் சீட்டுக் குலுக்கிப் போடுவார்களாம், மாட்டியவன் அழுவானாம். அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. வேண்டுமென்று சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திராது. அப்பொழுதுதான் அலமாரியில் என் கைப்பேசி ஒலித்தது. என் கையிலும் சாயம், காதிலும் சாயம். முனிரத்தினம் எடுத்து, “தனுஷ்கோடி அஞ்சல்னு வருது சார்” என்று ஒலியைப் பெரிதாக்கி என் முன் நீட்டிப் பிடித்தான். பெயரைப் படித்தும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பொன்னனின் பெயர்தான் உலகுக்குத் தெரியும். குரலும் தெரியாது, இரண்டொரு வரிக்கு மேல் அந்தக் குரலை எவனும் கேட்டதில்லை, கேட்க நான் விட்டதில்லை.

“மாசி, எங்க இருக்க?” மெல்லிய, சற்றுப் பிசிறடிக்கும் குரல். ஒரு வேலையாக வெளியில் இருக்கிறேன் என்றேன். “டை அடிச்சிக்கினு இருக்காரு சார்” என்று முனிரத்தினம் உரக்கச் சொன்னான். அந்தப் பக்கம் சிரிப்பு இருமலாக மாறி அடங்கியது. “நல்லா அடிங்க தம்பி. எனக்கு அடிக்கத் தலையில ஒண்ணும் இல்ல.” பிறகு குரல் தாழ்ந்தது. மேடையில் தன்னைப் பேசச் சொல்கிறார்களாம். இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம். முன்னூறு பேரும் முப்பத்தேழு வருடமாகத் தனக்கு மனசுக்குள்ளே ஒரு குரல் வைத்திருப்பார்கள், இந்தக் குரலைக் கேட்டால் ஏமாந்து போவார்களே என்று அஞ்சுகிறாராம். அவர் அஞ்சுவதைக் கேட்க எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் குளிர்ந்தது. பேசட்டும், ஏமாறட்டும். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். “எனக்கு நாலு வரி எழுதிக் கொண்டா மாசி. உன் தமிழ்ல எழுது.” சற்று நிறுத்தினார். “எழுதிட்டு, உன் வழக்கப்படி நாலையும் நீலப் பென்சிலால அடிச்சிடு.” கண்ணாடியில் ஒரு கிழவனின் வாய் திறந்தபடி இருந்தது. சாயம் இடக்காதில் இறங்கியது, துடைக்கவில்லை. எப்பொழுது தெரியும் என்று நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை. “ரெண்டாவது வாரமே தெரியும்யா. அரிசி மூட்டையில கோடு போடற நீலம் அந்தத் தளத்துல வேற எவன்கிட்ட இருந்துச்சு?” ஏன் சொல்லவில்லை என்றேன். “எதுக்குச் சொல்லணும்? எனக்கு மனசுல பின்கோடு நிக்கும், வசனம் நிக்காது. அஞ்சலகத்துல விடிகாலை ஷிப்டு பார்த்துட்டு ஓடி வர்றவன். படி கைக்கு வந்ததும் முதல்ல நீலக் கோடு இருக்கான்னுதான் பார்ப்பேன். ஒரு வாரம் மூணு வரி அடிக்காம விட்டுட்ட. அன்னைக்குப் பூரா அந்த மூணையே உரு போட்டுக்கிட்டு இருந்தேன்.” மாலை பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

அப்படியானால் நான் செய்த தீங்குகூட அவருக்கு உதவியாக முடிந்திருக்கிறது. நாற்பத்தொரு கோடு போட்டேன், ஒவ்வொன்றும் அவர் மேல் படவேண்டும் என்று போட்டேன். அவர் அவற்றை எதிர்பார்த்து வாசலில் நின்றிருக்கிறார். பகைவன் என்ற இடத்தையாவது எனக்குக் கொடுத்திருக்கலாம். அதையும் கொடுக்கவில்லை, அங்கும் கூட வந்தவன்தான் நான். “யாரு சார், கூட்டாளியா?” என்றான் முனிரத்தினம். உடன் நடித்தவர் என்றேன். இன்னா வேஷம் என்றான். சொல்லாமலிருக்க எனக்கு உரிமை இருந்தது. இவ்வளவு நேரம் பொன்னனின் குரல் அவன் உள்ளங்கையில் இருந்தது, அவனுக்குத் தெரியவில்லை; தெரியாமலே போயிருக்கலாம். தண்ணீர்க்காரர் என்றேன். அவன் கைப்பேசியைப் பார்த்தான், அணைந்த திரையைப் பார்த்தான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். அந்தப் பிசிறடிக்கும் குரலைக் கேட்டவன் முகத்தில் ஏமாற்றம் விழும் நொடியைத் தவறவிடக் கூடாதென்று, தூண்டிலைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். “என்னைத் தம்பின்னாரு சார்” என்றான். பிறகு, கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, “எங்கப்பா கொரல் மாரியே இருக்குது” என்றான். விழவில்லை. எதைக் கொடுத்தாலும் அந்த மனிதரின் மேல் பொருந்திவிடுகிறது, குரலும்கூட. அதற்கு நான் என்ன செய்யட்டும்.

நேரம் ஆகிவிட்டது, எழுந்து கழுவ வேண்டும் என்றான். மூலையில் நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பாய் இருக்கிறது, குழாயில் இரண்டு நாளாக வரவில்லை. முனிரத்தினம் மூடியைத் திறக்கவில்லை. நினைத்துச் செய்யவுமில்லை. விரலை மடக்கி, பீப்பாயின் வயிற்றில் இரண்டு முறை தட்டினான். டொக், டொக். தட்டிவிட்டு என்னைப் பார்த்தான், போதும் என்பதுபோல. அந்தத் தட்டலை எத்தனை ஆயிரம் முறை வெறுத்திருக்கிறேன், மொட்டைமாடிகளில், அடுக்களைகளில், ஒருமுறை மருத்துவமனை நடைவழியில்கூட. இன்றுதான் முழுமையாகக் கேட்டேன். அது முடிந்த ஒலி அல்ல. தட்டிவிட்டு அவர் ஒவ்வொரு முறையும் தலைவனைத்தான் பார்த்தார்; தட்டலுக்குப் பிறகு ஓர் இடம் காலியாக இருந்தது, அங்கே ஒருவன் பேசியாக வேண்டும். அந்த ஒருவனாக நான்தான் இருந்தேன். சாயத் தலையோடு, துணியைக் கழற்றாமலே, மீனலோசனியை அழைக்கச் சொன்னேன். பதினொன்று ஐம்பத்திரண்டு. “அம்மா, அந்தக் கையெழுத்து இயக்குநருடையது அன்று, என்னுடையது. அது மேதைமையும் அன்று, பொறாமை. அடித்தது நான், தட்டியது அவர். படத்தின் அடியில் இரண்டையும் அப்படியே போடுங்கள்.” என்னைப் பற்றி எதுவோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டட்டும், மன்னிக்கட்டும், ஏன் என்றாவது கேட்கட்டும். அவர் கேட்டார்: “தனுஷ்கோடி சாருக்கு இது தெரியுமா சார்? அவர் மனசு கஷ்டப்படாதே?” படாது என்றேன். வேறென்ன சொல்வது. முனிரத்தினம் குவளையால் தண்ணீரை அளந்து அளந்து ஊற்றுகிறான்; கறுப்பு நீர் கழுத்தின் வழியே இறங்குகிறது. அழைப்பிதழின் பின்புறம் நான்கு வரி எழுதிவிட்டேன், நல்ல வரிகள், குட்டையானவை. நான்கையும் அடித்தும் விட்டேன், பென்சில் இல்லாததால் முனிரத்தினத்தின் பேனாவால். மாலையில் அவர் ஒலிபெருக்கியின் முன் வந்து நிற்பார். அந்தத் தாளைப் பார்ப்பார், சிரிக்கமாட்டார். ஒலிபெருக்கியை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டிவிட்டு என் பக்கம் திரும்புவார். அடுத்த வசனம் என்னுடையது. முப்பத்தேழு ஆண்டுகளாக அது மறக்கவில்லை. சொல்வேன், அரங்கம் அதிரச் சொல்வேன். சொல்லும்போது முன்னூறு பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், எனக்குத் தெரியும், அப்பொழுதும் எரியும். விவகாரம் தீர்ந்த நாள் குரோதி ஆண்டு ஆடித் திங்கள் இருபத்தாறு, இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு ஆகஸ்டு பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை.